இல்லாத கிளட்ச்

மாஸ்டரிடம் கார் பழக வருகிறவர்களில் யாராவது ஒருவர் முதல் நாளே வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது வழக்கம்.

"சார், எங்க வீட்டு வண்டியில இண்டிகேட்டர் வேற பக்கம் இருக்கே?"

மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "எல்லா வண்டியும் ஒண்ணுதான். ஒரு ஸ்டீயரிங், ஒரு கியர், மூணு பெடல். மூளை இருக்கிறவனுக்கு எந்த வண்டியும் ஓடும்."

இந்த மேதை கடைசியாக வேறொரு காரை எப்போது ஓட்டினார் என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. டிரைவிங் ஸ்கூல் கார் தேய்ந்து போனால் அதே ரகத்தில் இன்னொன்றைத் தேடிப் பிடித்து வாங்குவார். நிறம்கூட மாறாது. அதையும் அவர் ஓட்டுவதில்லை. பழகுகிறவர் ஓட்ட, மாஸ்டர் பக்கத்து சீட்டில் சாய்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் பொருத்தியிருக்கும். ஊரில் பாதிப் பேர் தாங்களே வண்டியை நிறுத்தினோம் என்று நம்பிக்கொண்டிருப்பது அந்த பிரேக்கின் புண்ணியம்.

மாஸ்டரின் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். கல்யாணமான புதிதில் அவரிடம் கார் பழகப் போனாள். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள், பாவம், எங்கோ சிவனே என்று இருந்த அவளுடைய அப்பாவரைக்கும் வம்புக்கு இழுத்துவிட்டார் மாஸ்டர். இறங்கியவள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தன்னுடைய கண்டிப்புக்கு மனைவி தரும் மரியாதை அது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். நினைக்கக் காசா பணமா?

இப்போது அந்த நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். அங்கே பஸ் போகாது. திங்கட்கிழமை முதல் அங்கே வர வேண்டும், முடியாதவர்கள் வேலையை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"விட்டுடு," என்றார் மாஸ்டர், சட்டினியில் உப்பு போதும் என்று சொல்கிற தோரணையில். "நான் சம்பாதிக்கலையா?"

"எங்க அண்ணன் வெளிநாடு போறப்ப விட்டுட்டுப் போன கார் இருக்குல்லங்க. அதுல போயிக்கிறேன்."

"யாரு ஓட்டுறது?"

அவள் கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தாள். காலையில் தோழியோடு நடக்கப் போகிறேன் என்று போனவள் ஒரு நாளும் நடக்கவில்லை. தோழிதான் பழக்கிவிட்டிருக்கிறாள். போலீஸ்காரர் வீட்டிலேயே கன்னம் வைத்ததுபோல் ஆகிவிட்டது மாஸ்டருக்கு. அந்தத் தோழி எந்த ஸ்கூலில் பழகியவள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

"லைசென்ஸை யார் வேணா கொடுப்பான். ஞாயித்துக்கிழமை நான் பக்கத்துல உக்காந்து பாக்கிறேன். நான் பாஸ் போட்டா சாவி. இல்லைன்னா மரியாதையா ராஜினாமா எழுதிக் கொடுத்துடு."

"சரிங்க," என்றாள். இவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிறாளே என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள், வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. தெரு முனை வருவதற்குள்ளேயே மாஸ்டரின் கால் வேலையை ஆரம்பித்துவிட்டது. எதிரே சைக்கிள் வந்தால் ஒரு மிதி, நாய் திரும்பிப் பார்த்தால் ஒரு மிதி. மிதிபட்டது பிரேக் இல்லை, காலடியில் விரித்திருந்த வெறும் மிதியடி. அது என்ன செய்யும், பாவம்? வண்டி அவள் நிறுத்த நினைத்த இடத்தில்தான் நின்றது. ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் நின்றது. மாஸ்டருக்கு அதுவே பெரிய அவமரியாதையாகப் பட்டது.

"நிறுத்து! பிரேக் லேட்டு. கன்ட்ரோலே இல்ல. நீ ஃபெயில்."

"எங்கங்க லேட்டு?"

"இறங்கு. எப்படி ஓட்டணும்னு காட்டுறேன்."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். சாவி நுழைக்கும் துவாரத்தை மாஸ்டர் ஸ்டீயரிங்குக்கு அடியில் தடவித் தடவித் தேடினார். அவள் பொத்தானைக் காட்டினாள். "தெரியும்," என்றார். திருப்பத்தில் இண்டிகேட்டரைப் போட்டார். ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத வானத்துக்குக் கீழே வைப்பர் இரண்டும் கரகரவென்று ஆட ஆரம்பித்தன. அதை அணைக்கப் போய்க் கண்ணாடியெல்லாம் சோப்புத் தண்ணீர் அடித்துவிட்டார்.

"கண்ணாடி அழுக்கா இருந்துச்சு," என்றார்.

வண்டி வேகம் எடுத்தது. இரண்டாவது கியர் போடக் கை தானாகப் போனது, இடது காலும் தானாகப் போய்க் கிளட்ச்சை ஓங்கி மிதித்தது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் அந்த ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் ஏது? அங்கே இருந்தது அகலமான பிரேக். நடுரோட்டில் வண்டி அறைந்ததுபோல் நின்றது. மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி எகிறி எங்கோ விழுந்தது. பின்னால் வந்த சரக்கு வேன் கிறீச்சிட்டு, ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

வேன் டிரைவர் இறங்கி வந்து ஜன்னலில் தட்டினார்.

"ஏன்யா, ஓட்டத் தெரியலைன்னா கத்துக்கிட்டு வரக் கூடாதா? கடைத்தெரு முனையில ஒரு மாஸ்டர் இருக்காராம். என் மச்சினனுக்கே சொல்லிக் கொடுத்துட்டாரு. அவனுக்கே வந்துச்சுன்னா உனக்கும் வரும். அவர்கிட்ட போய்ச் சேருய்யா, ரோட்டுல வந்து உசுரை வாங்காத!"

மாஸ்டர் தலையை ஆட்டினார். வேறு என்ன செய்ய முடியும்? நான்தான் அந்த மாஸ்டர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ளவா? அவள் மறுபக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

வேன் போனபிறகு வண்டியை ஓரம் கட்டுவதற்குள் இன்னும் இரண்டு தடவை கிளட்ச் மிதித்தார். இரண்டு தடவையும் நெற்றி முன்கண்ணாடிவரை போய் வந்தது.

"இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில வெச்சுக்கணுங்க," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மொத வாரம் நானும் பயத்துல இடது காலால இதே மாதிரிதான் மிதிச்சேன். தோழிக்கு மூக்குல அடிபட்டுது."

"திட்டினாளா?"

"இல்லைங்க."

மாஸ்டர் எஞ்சினை அணைத்தார். வெட்கமாக இருந்தது. இந்த வயதில் முதல் நாள் பழக வந்தவனைப்போல உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கியவர்களையெல்லாம் என்னென்ன பேசியிருக்கிறோம் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மைதானத்து வசவு அதில் முதலில் வந்தது.

"பாஸ்," என்றார் கடைசியில். "நாளைக்கு நீயே ஓட்டிட்டுப் போ."

"வேலைக்கு வர்றேன்னு போன வாரமே ஆபீஸ்ல சொல்லிட்டேங்க."

"அப்புறம் எதுக்கு இந்த டெஸ்ட்டுக்கு ஒத்துக்கிட்டே?"

அவள் கீழே கிடந்த அவருடைய மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். "நான் ஓட்ட, நீங்க பக்கத்துல பயமில்லாம வரணும்னு ஒரு ஆசை. அதான்."

மாஸ்டர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். இறங்கிச் சுற்றி வந்து முன்கதவில் கை வைத்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங் பக்கம் நகர்ந்து உட்கார்ந்த அவள் திரும்பிப் பார்த்தாள். "அங்க வேணாம். என் கால் சும்மா இருக்காது," என்றார்.

வண்டி கிளம்பியது. வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அவள் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். கட்டுப்பாடே இல்லாத ஓட்டம் என்று சற்றுமுன் தீர்ப்புச் சொன்னவர், பின்சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அவரை எழுப்பாமல், வண்டியைத் திருப்பி இன்னொரு சுற்றுப் போனாள்.