தண்ணீரில் பிடித்த தீ

நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. பத்தாம் வகுப்பிலிருந்து விளக்கம் சொல்ல, விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர் என்னைத்தான் பிடித்திருந்தார். ஆவர்த்தன அட்டவணையின் முதல் நிரல்: இலிதியம், சோடியம், பொற்றாசியம். எல்லாம் கத்தியால் வெட்டக்கூடிய உலோகங்கள். எல்லாவற்றுக்கும் தண்ணீரைக் கண்டால் ஆகாது; நிரலில் கீழே போகப் போகக் கோபம் கூடும். வீட்டில் யாருக்கும் நான் இதைச் சொல்லிக் காட்டவில்லை. முதலில் ஊர்தான் கேட்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

காலையில் அம்மா, "கொழுந்து மும்முரமா இருக்கு. வேல வாங்குற கண்டாக்கையா மலைய விட்டு எறங்க விடமாட்டாரு. நீ பயப்படாம சொல்லு," என்றுவிட்டு வேலைக்குப் போனாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. தண்ணீர்த் தொட்டியில் சேர் போட்ட இலிதியம் மிதந்து, சோடாவைப் போலக் குமிழிவிட்டு, சாதுவாகக் கரைந்தது. சோடியம் உருகி உருண்டையாகி, சீறிக்கொண்டு ஓடியது. சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்தது பொற்றாசியம். ஹற்றனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிவந்த ஒரே துண்டு. அது எரிந்து நான் பார்த்ததே இல்லை. படித்ததையும் அட்டவணையில் அது இருந்த இடத்தையும் நம்பி, "இது தானாவே தீப்பிடிக்கும். ஊதா நெறத்துல எரியும்," என்றேன்.

முன்வரிசையிலிருந்த லொறி டிரைவர் மாமா சிரித்தார். "தண்ணியில தீயா? யாருகிட்ட புள்ள கத விடுற?"

மண்டபமே சிரித்தது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"நீ சொல்லிட்ட. அது கேக்குதான்னு பாப்போம்," என்று சேர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து துண்டைப் போட்டார்.

தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், ஊதாச் சுடர்! வெறிபிடித்ததுபோல் சுற்றிச் சுற்றி ஓடி, பட்டென்று வெடித்தது. டிரைவர் மாமா பெஞ்சோடு பின்னால் சாய்ந்தார். எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன், குதித்தேன். நான் பார்த்தேயிராத ஒன்று நான் சொன்னபடியே நடந்துவிட்டதே!

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சுட்டுச்சா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "இப்பத்தான் வர்றியா? நான் பேசுனத கேக்கவே இல்லயே!"

அம்மா சிரித்துக்கொண்டே இடுப்புச் சாக்கை அவிழ்த்தாள்.

எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் வழியில் மெதுவாகக் கேட்டாள்: "அதுக்கும் கீழ இன்னொன்னு இருக்காமே, சீசியமோ என்னமோ. அத போட்டா என்னாடி ஆகும்?"

"தொட்டியே ஒடஞ்சு செதறிரும்!"

"ஆத்தாடி! அத ஒன் கையில குடுத்துறமாட்டாங்கல்ல?"

கேட்க ஆள் கிடைத்த குஷியில், அட்டவணையின் மற்றக் கோடியில் எதனோடும் சேராமல் ஒதுங்கி நிற்கும் வாயுக்கள்வரை நான் மூச்சுவிடாமல் அளந்துகொண்டே நடந்தேன்.

சீசியத்தின் பெயரை அன்று நான் சொன்னது ஒரே ஒரு தடவை. பேச்சைத் தொடங்கியபோது, இலிதியத்தைத் தண்ணீரில் போடுவதற்கும் முன்னால். அந்தப் பெயர் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.