கைப்பிடிக்காரர் வீட்டுக் கதவுகள்

அவரை எல்லோரும் கைப்பிடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். பிடித்துத் திருகினால் கதவு திறக்குமே, அந்தக் குமிழ்களை வடிவமைப்பதுதான் அவர் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிப்பதற்கு முன் கதவுக் குமிழைத் தடவிப் பார்த்துவிடுவார். மனுஷனுக்கு அப்படி ஒரு கிறுக்கு.

மேடு பள்ளமே இல்லாத ஒரு பித்தளை உருண்டைக்காக அவருக்குப் பரிசுகூடக் கிடைத்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் தன் வீட்டுக் கதவுகள் அத்தனையிலும் அதையே மாட்டிவிட்டார். அதன்பிறகு நிறுவனத்தில் புதிதாக எது கேட்டாலும், அதே உருண்டையை இன்னும் கொஞ்சம் வழவழப்பாக்கிக் கொண்டுபோய் வைப்பார்.

வீட்டில்தான் ஒரு விசித்திரம். மனைவி எந்தக் கதவையும் சாத்துவதில்லை. எல்லாம் ஒருக்களித்தபடியே கிடந்தன.

"சாத்தினா என்ன, கை தேஞ்சா போயிடும்?"

"காத்து வரட்டுங்க."

மழைநாளிலும் அதே பதில். குமிழைக் கழற்றி எண்ணெய் விட்டு மாட்டினார். அவர் கைக்கு அது சுலபமாகத்தான் திரும்பியது. பிறகு என்னதான் மர்மம்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

இந்த நேரத்தில் மனைவி, "பொண்ணு வீட்டுல போய் இருக்கேங்க" என்றாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு, "பாக்கலாங்க" என்று துணிகளை எடுத்துவைக்கத் தொடங்கினாள். திட்டியதில் கோபமோ? திரும்பியே வரமாட்டாளோ?

அவரே கொண்டுபோய் விட்டார். மகள் வீட்டுக் கதவுகளில் இருந்தவை, கீழே அழுத்தினால் திறக்கும் நீட்டுக் கைப்பிடிகள். மலிவுச் சரக்கு, பெயின்ட் உரிந்திருந்தது. 'இதெல்லாம் ஒரு டிசைனா!' என்று முகம் சுளித்தார்.

மனைவி உடை மாற்ற அறைக்குள் போனாள். டக்கென்று கதவு சாத்திக்கொண்ட சத்தம் கேட்டது. அவர் திடுக்கிட்டார். இங்கே மட்டும் காற்று வேண்டாமா?

வெளியே வந்தவள் குளியலறைப் பக்கம் போனாள். இந்த முறை அவர் கைப்பிடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைக் கவனித்தார். அவள் கையால் தொடவே இல்லை. முழங்கையால் அழுத்தித் திறந்தாள்.

"கைக்கு என்னாச்சு?"

"மணிக்கட்டு வலிங்க. எதையும் திருக முடியல. சாத்திட்டா அப்புறம் எப்படித் திறக்கறது?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னு வருவேன். நீங்க அந்தக் குமிழையே தடவிக்கிட்டு நிப்பீங்க. மனசு வராது." கொஞ்சம் தயங்கினாள். "போன வாரம் காத்துல குளியலறைக் கதவு சாத்திக்கிச்சு. நீங்க வேலையிலேர்ந்து வர்ற வரைக்கும் உள்ளேயே உக்காந்திருந்தேன். நீங்க வந்து திறந்து, 'பரவாயில்லையே, இன்னைக்காவது சாத்தினியே'ன்னு சந்தோஷப்பட்டீங்க."

அவள் கையைப் பிடிக்கப் போனவர் பாதியில் நின்றார். வலிப்பது எந்தக் கை என்று அவருக்குத் தெரியவில்லை.