கண்பட்டை இல்லாத குதிரை

ஏற்காடு ஏரிப் பூங்காவில் குதிரைச் சவாரிக்கு ஏறுமுன் சேணம், வார், கடிவாளம் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. சரிபார்க்காமல் எதையும் தொடமாட்டேன். அது சேலத்தில் ஜட்கா வண்டி இழுக்கிற குதிரை. சீசனுக்கு அதை மலையேற்றிய குதிரைக்காரர், அழகாகத் தெரியட்டும் என்று, பக்கவாட்டில் பார்க்கவிடாமல் மறைக்கும் கண்பட்டையைக் கழற்றியிருந்தார்.

கரைப்பாதை ஒடுங்கிய இடத்தில், பக்கத்தில் தண்ணீர் மின்னியதும் குதிரை மிரண்டது. பின்னங்கால் விளிம்பில் சறுக்கியது. எனக்கு நீச்சல் தெரியாது.

“அசையாதீங்க சாமி,” என்றார் கடிவாளத்தைப் பிடித்திருந்த குதிரைக்காரர்.

“நான் எங்கீங்க அசையறேன்? உங்க குதிரைதானுங்க.” சேணத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

காலைப் பூசைக்குப் போட்ட முக்காட்டுத் துணி தோளில் கிடந்தது. உருவிக் கொடுத்தேன். தண்ணீர்ப் பக்கத்துக் கண்ணை அவர் அந்தத் துணியால் மூடியதும் குதிரை நின்றது. பிறகு மெல்ல நடந்தது.

பாதை அகலமாகும்வரை நானும் கண்களை மூடிக்கொண்டேன்.