தாஸ் அண்ணனின் பல்

மக்களே, பெரிய செய்தி, நம்ம ராயபுரம் டீமின் கோல்கீப்பர் தாஸ் அண்ணன் கடைசியில் பல் டாக்டரைப் பார்த்தே விட்டார்!

சிரிக்காமல் முழுசாகப் படியுங்கள்.

இன்று திருவொற்றியூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தார், கன்னத்தில் கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டு. வழக்கம்போலக் கலாய்த்தேன்.

"இன்னாண்ணா, பந்தை மூஞ்சில வாங்குற ஆளு, ஊசிக்கு அழுதுட்டியா?"

அவர் சிரிக்கவில்லை.

"நாலு பல்லு பூட்ச்சி நைனா. சீழு தாடை எலும்பு வரைக்கும் எறங்கிக்கீதாம். இனிமே பந்து பட்டா தாடையே ஒடஞ்சிடுமாம். கோல்ல நிக்கவே கூடாதுன்ட்டாரு."

"முன்னாடியே போயிருக்கலாம்லண்ணா?"

"ரெண்டு வாட்டி வாசல் வரைக்கும் போனேன். உள்ள நம்ம ஏரியா ஆளுங்க குந்திகினு இருந்தாங்க. நான் நடுங்குறத பாத்தா உன்னாண்ட சொல்லுவாங்க, நீ இன்டர்நெட்டுல போடுவ. அப்டியே திரும்பிட்டேன்."



'தாஸ் அண்ணன் எப்போது பல் பிடுங்குவார்?' என்று நம்ம டீமின் இந்த இன்டர்நெட் கம்யூனிட்டியில் ஓட்டெடுப்பு வைத்தது நான்தான். 'இந்த ஜென்மத்தில் இல்லை' என்பதற்கு அத்தனை பேரும் குத்தினீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிரவுசிங் சென்டருக்கு வந்து முதல் வேலையாக அதை அழித்தேன். அழித்து என்ன, அண்ணன் எப்போதோ படித்துவிட்டார்.

என் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்து ஆறு மாதம் ஆகிறது. அதை நாக்கால் தடவிக்கொண்டேதான் அவரைக் கலாய்த்துக்கொண்டிருந்தேன்.

பல் டாக்டர் என்றால் பயப்படுகிற எல்லோரும் கீழே பெயரைப் போடுங்கள், அண்ணன் பார்க்கட்டும். முதல் பெயர் என்னுடையது. என்னைத் தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள்.