ரெஜினா ஆன்ட்டி பாராட்டிவிட்டார்!

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை — வாட்ஸப்பில் வருவதைப் படிக்காமலேயே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற முட்டாள்.

குட்மார்னிங்கா? கட்டைவிரல். பைபிள் வசனமா? கட்டைவிரல். இன்று தண்ணீர் லாரி வராதா? அதற்கும் ஒரு கட்டைவிரல்!

போன வாரம் எங்கள் சர்ச் குரூப்பில் ஒரு இறப்புச் செய்தி. நல்லடக்கம் மாலையில் என்று போட்டிருந்தார்களாம். நான் பல் தேய்த்துக்கொண்டே கட்டைவிரலைத் தட்டிவிட்டேன். வாய் கொப்பளிப்பதற்குள் பிலோமினா அக்காவிடமிருந்து போன்.

“லூர்து, ஒருத்தர் செத்துப்போனதுக்கு சூப்பர்னு சொல்றீங்களா? உங்க கட்டைவிரல் அன்னிக்குப் பண்ணது பத்தாதா?”

அன்னிக்குப் பண்ணது... உங்களிடம் இதுவரை சொன்னதில்லை, இல்லையா? மானம் போகுமே என்று மறைத்து வைத்திருந்தேன். இனி மிச்சம் என்ன இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

கொரோனாவின் முதல் ஊரடங்கு. பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது என்று திண்டுக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போன என் மனைவி, ஈ-பாஸ் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டாள். மந்தைவெளி வீட்டில் நான் தனி. பால், பிரெட், பிஸ்கட் — இந்த மூன்றையும் இடம் மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரத்தில், பக்கத்துப் பக்கத்து வீடுகளை எல்லாம் சேர்த்து ஒரு குழுவாக்கி வைத்திருப்பார்கள். அன்பியம் என்று பெயர். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வோம், பிறகு சுண்டலும் டீயும். சுண்டல் வரும் நேரத்துக்குச் சரியாக நான் போய்விடுவேன். எங்கள் அன்பியத்தின் தலைவிதான் பிலோமினா அக்கா. ரிட்டயர்ட் நர்ஸ். ஊசி போடுவதை நிறுத்திவிட்டாரே தவிர, குத்துவதை நிறுத்தவில்லை.

ஊரடங்கில் சர்ச் கதவு மூடியதும் அன்பியம் மொத்தமும் போனுக்குள் வந்துவிட்டது. ஞாயிறு பூசையை ஃபாதர் செல்போனில் காட்டினார். முதல் வாரம் போனை யாரோ படுக்கவைத்து எடுத்துவிட்டதால், பங்கு மக்கள் அத்தனை பேரும் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பூசை கண்டோம். தினமும் மாலையில் கான்ஃபரன்ஸ் காலில் ஜெபமாலை. ஆளுக்கொரு பத்துமணி, அதாவது மாலையின் பத்து மணிகளுக்கான ஜெபம்.

அப்போதெல்லாம் யார் வீட்டிலாவது தொற்று என்றால் வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அன்பியத்தில் ஒரு வீட்டுக்குத் தகரம் விழுந்தால், மற்ற வீடுகள் அந்த வீட்டின் மூன்று வேளைச் சாப்பாட்டையும் பங்குபோட்டுக்கொள்ளும். கட்டைப்பையில் வைத்துத் தகரத்தின் மேல் மாட்டிவிட்டு, குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விதி.

ஒரு நாள் காலையில் குரூப்பில் நீளமாக ஏதோ வந்தது. திருப்பாடல் போலிருக்கிறது என்று பக்தியோடு கட்டைவிரல் போட்டேன். உடனே போன்.

“ரொம்ப நன்றி லூர்து! யாருமே வாயைத் திறக்கல. நீங்களாவது முன்வந்தீங்களே!”

“எதுக்குக்கா?”

“ரெஜினா ஆன்ட்டிக்கு பாசிட்டிவ். இன்னியிலேர்ந்து மதியச் சாப்பாடு உங்களோடது. ஆமா, உங்களுக்குச் சமைக்கத் தெரியும்ல?”

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன சொல்லியிருப்பான்? நான் சொன்னேன்: “என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க?”

யாருமே ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ரெஜினா ஆன்ட்டியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எழுபதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, தனியாக இருக்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ட்ரங்க் கால் காலத்து ஆள் என்பதால், ஒவ்வொரு வார்த்தைக்கும் மீட்டர் ஓடுகிற மாதிரிதான் இன்றும் பேசுவார். அந்தச் சில வார்த்தைகளில் பாராட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை.

திருவிழா பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு: “கறி தனியா நிக்குது, சோறு தனியா நிக்குது.” என் மகள் கல்யாணத்தில்: “மாப்பிள்ளை பரவால்ல. மைக்செட் மோசம்.” ஒரு ஞாயிறு பூசையில் நான் ஏற்ற இறக்கத்தோடு பைபிளிலிருந்து பவுலின் கடிதத்தை வாசித்துவிட்டு இறங்கியபோது: “பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரு. நீ உனக்கே வாசிச்சுக்கிட்ட.”

ஜெபமாலையிலும் விடமாட்டார். ஒவ்வொரு கிழமைக்கும் தியானிக்க வேண்டிய மறையுண்மைகள், அதாவது இயேசு, மாதா வாழ்க்கைச் சம்பவங்கள் உண்டு; திங்கள் என்றால் மகிழ்ச்சி, செவ்வாய் என்றால் துயரம். யாராவது செவ்வாய்க்கிழமை தெரியாமல் மகிழ்ச்சி மறையுண்மைகளை ஆரம்பித்தால், போனில் ஒரு குரல் வெட்டும்: “செவ்வாய், துயரம்.” அவ்வளவுதான். அத்தனை பேரும் மரியாதையாக மகிழ்ச்சியைக் கைவிட்டுத் துயரத்துக்கு மாறுவோம்.

இவருக்குத்தான் நான் சமைக்க வேண்டும்!

காய்ச்சலுக்கு ரசம் நல்லது என்று முடிவு செய்தேன். யூட்யூபில் ஒரு அம்மா சொல்லச் சொல்லச் செய்தேன். “நுரை கட்டி வந்ததும் இறக்கிடுங்க” என்றார். என் ரசம் கட்டியது பாருங்கள் ஒரு நுரை... மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒதுங்குமே, அந்த மாதிரி! எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் முயற்சியிலேயே இப்படி ஒரு கைப்பக்குவமா?

குழைந்த சோறு, ரசம், சுட்ட அப்பளம். தகரத்தில் மாட்டிவிட்டுக் குரல் கொடுத்தேன். சாப்பிட்ட பிறகு ஆன்ட்டியே போன் செய்தார்.

“லூர்து. ரசம் நல்லா இருந்துச்சு.”

வைத்துவிட்டார். நான் தரையில் இல்லை. மிச்ச ரசத்தை டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போய், தெருமுனைத் தடுப்பில் உட்கார்ந்திருக்கும் முருகேசனிடம் நீட்டினேன். தெருவுக்குள் வருகிறவர்களைக் கவனிக்க மாநகராட்சி போட்ட ஆள். மாஸ்க்கை இறக்கி ஒரு வாய் குடித்தவர், அந்த வாயை அப்படியே சாக்கடையில் துப்பினார்.

“இன்னா சார் கீது இதுல? எண்ணெய் தேச்சிக் குளிச்சா மாரி கீது!”

ஓடிவந்து மனைவிக்கு போன் போட்டேன்.

“ரசப்பொடி எதுலேர்ந்து எடுத்தீங்க?”

“ஹார்லிக்ஸ் பாட்டில். பிரவுனா இருந்துச்சே.”

“எல்லாமே ஹார்லிக்ஸ் பாட்டில்தான். எந்தத் தட்டு?”

“கீழ்த்தட்டு.”

திண்டுக்கல்லில் தலையில் அடித்துக்கொள்கிற சத்தம். “அது சீயக்காய்த்தூள்ங்க.”

“அதை ஏன்டி சமையல்கட்டுல வெச்ச?”

“நீங்க சமையல்கட்டுக்குள்ள வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

நியாயமான கேள்வி. பதறிப்போய் பிலோமினா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காதைப் போனிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். திட்டவில்லை.

“இருங்க. சீயக்காய் ரசத்தை ஆன்ட்டி நல்லா இருந்துச்சுன்னாங்களா?”

“ஆமாக்கா.”

“ஐயோ மாதாவே... அவங்களுக்கு வாசனை, ருசி எல்லாம் போயிடுச்சு லூர்து!”

பங்குக்கென்று ஒரு ஆக்ஸிமீட்டர் இருந்தது. திருவிழாத் தேர் மாதிரி வீடு வீடாகச் சுற்றிக்கொண்டிருந்த அது, அன்று ஆன்ட்டி வீட்டுத் தகரத்தைத் தாண்டி உள்ளே போனது. விரலில் மாட்டி, எண்ணைப் போனில் சொன்னார் ஆன்ட்டி. குறைவாக இருந்தது. மருத்துவமனைக்குப் போக மாட்டேன் என்றார். அன்பியத்திலேயே இருந்த ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, குப்புறப் படுக்கச் சொல்லி, “இதுக்குக் கீழ இறங்கினா யாரையும் கேக்காதீங்க, ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க” என்று ஒரு கோட்டைக் கிழித்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. மாலை ஜெபமாலையில் பதற்றத்தில் யாரோ மகிழ்ச்சி மறையுண்மையை ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோரும் காத்திருந்தோம். வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னார்... ஆன்ட்டி பேசவில்லை. மரியா எலிசபெத்தைப் பார்க்கப் போனார்... பேசவில்லை. பெத்லகேமில் குழந்தை இயேசு பிறந்தே விட்டார். ஆன்ட்டி லைனில்தான் இருந்தார் — மூச்சு கேட்டது. ஆனால் ‘செவ்வாய், துயரம்’ மட்டும் வரவில்லை.

அன்றைக்கு முதல்முறையாக எங்களுக்குப் பயம் வந்தது. நிஜமான பயம்.

அதன்பிறகும் மதியச் சாப்பாடு என்னிடமே இருந்தது. வேறு வழியில்லை, தெருவில் இன்னும் சில வீடுகளுக்குத் தகரம் விழுந்திருந்தது. என் மனைவி வீடியோ காலில் மேற்பார்வை. ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து, கேமராவில் காட்டி, நக்கிப் பார்த்து, அனுமதி வாங்கிய பிறகே போட வேண்டும். வாணலியைவிட என் நாக்குதான் அதிகம் சூடுபட்டது.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு குரூப்பே எனக்காகக் காத்திருக்கும். “இன்னிக்கு என்ன சொன்னாங்க?”

“சாம்பார் நல்லா இருந்துச்சுன்னாங்க.”

வரிசையாக அழுகிற மூஞ்சிகள் வரும். பாராட்டு வாங்கிவிட்டு இப்படிக் கலங்கிப்போன சமையல்காரன் சென்னையில் வேறு யாராவது உண்டா?

ஒரு மதியம் நான் போனபோது காலை இட்லி வைத்த பை தகரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. தொடவே இல்லை. “ஆன்ட்டி!” என்றேன். பதில் இல்லை. போன் உள்ளே அடிக்கிற சத்தம் கேட்டது, யாரும் எடுக்கவில்லை. முருகேசன் ஓடிவந்து கம்பால் தகரத்தை அடி அடியென்று அடித்தார். “யம்மா! ஒரு கொரலு குடு யம்மா!”

தகரத்தைப் பிய்த்துவிடலாமா என்று ஆணியில் கை வைத்துவிட்டேன்.

உள்ளேயிருந்து மெல்ல ஒரு குரல். “தூங்கிட்டேன் லூர்து. உங்களுக்கெல்லாம் ரொம்பச் சிரமம் குடுக்கறேன்.”

ரெஜினா ஆன்ட்டியா? சிரமம் குடுக்கறேன் என்றா? நுரையும் ரசமும் மறந்துபோய், நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முருகேசன் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று ஆக்ஸிமீட்டர் எண் டாக்டர் கிழித்த கோட்டின் மேலேயே வந்து நின்றது. ஆம்புலன்சுக்குச் சொல்லிவைத்தோம். பிலோமினா அக்கா மணிக்கு ஒருதரம் போன் போட்டு எண்ணைக் கேட்டார். கோட்டைத் தாண்டி அது இறங்கவில்லை. ஞாயிறு பூசையில் ஃபாதர், குரல் உடையாமல் ஒரு மன்றாட்டு வாசித்தார்: “எங்கள் சகோதரி ரெஜினா நலம்பெற்று, முன்போலவே எங்கள் எல்லோரையும் குறை சொல்ல வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்.”

அவரவர் வீட்டில், அவரவர் போன் முன்னால், அத்தனை பேரும் சத்தமாகச் சொன்னோம்: “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

எண் மெல்ல ஏறியது. பிறகொரு நாள், வத்தக்குழம்பு அனுப்பிய மதியம், போன் வந்தது.

“லூர்து. உப்பு ஜாஸ்தி. வெந்தயம் கருகிடுச்சு. அப்பளம் நமுத்துப்போச்சு.”

குரூப்பில் போட்டேன். பட்டாசு, கைதட்டல், அல்லேலூயா! பிலோமினா அக்கா போனிலேயே அழுதார். மனைவியோ, “உப்பை நான் அளவாத்தானே போடச் சொன்னேன்?” என்று தனியாக விசாரணை வைத்தாள். என் சமையலைக் காறித் துப்பியதற்கு ஒரு தெருவே சந்தோஷப்பட்டது அன்றுதான். ஒருவர் நம்மைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம், இல்லையா?

தகரத்தைக் கழற்றிய அன்று முதல் ஆளாகப் போய் நின்றேன். ஆன்ட்டி மாஸ்க்கோடு படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மனசு கேட்கவில்லை. சீயக்காய் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“தெரியும்” என்றார்.

“எப்படி ஆன்ட்டி? அப்போதான் உங்களுக்கு வாசனையே தெரியலையே!”

“மூக்குதான் போச்சு. கண்ணு இருந்துச்சே. அவ்வளவு நுரை! செடிக்கு ஊத்திட்டேன்.”

“அப்புறம் ஏன் ஆன்ட்டி நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்க?”

ஆன்ட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மறுநாளும் நீ வரணும்ல?”