இடிக்கக் கூடாத பழைய லயம்

கருப்பாயியின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் முதலில் மழையைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஜொகூரில், கூலாய்க்கு அப்பால், பிரிம்லி ரப்பர் தோட்டத்தின் பழைய லயத்தில், கூலிகளுக்கென்று கட்டிய அந்த நீள வரிசை வீட்டில், கோடியிலிருந்த ஏழாம் நம்பர் அறையில் அவள் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தாள். பத்தடிக்குப் பத்தடி அறை, பலகைச் சுவர், மண் தரை, மேலே தகரம். அந்தத் தகரத்தில் ஆணி அடித்த ஓட்டை, துருப்பிடித்த ஓட்டை, பலாக்காய் விழுந்த ஓட்டை என்று மூன்று ஜாதி ஓட்டைகள் இருந்தன. ஜொகூர் மழைக்கோ காலம் நேரம் கிடையாது. மழை வந்தால் கருப்பாயி எழுந்து உட்கார்ந்துகொள்வாள். விட்டால்தான் முதுகைச் சாய்ப்பாள்.

பதினாறு வயதில் புருஷன் ஐயாசாமியோடு கப்பலில் வந்து இறங்கியவள். ஒரு மாதம் இந்த அறையில் இருங்கள், பிறகு நல்லதாகத் தருகிறேன் என்று அன்றைய கங்காணி வாக்குக் கொடுத்தான். கங்காணி செத்துப் போனான். அந்த ஒரு மாதம் மட்டும் முடியவில்லை.

அந்த ஈரத் தரையில் பெற்ற முதல் இரண்டு பையன்களும் வருஷம் திரும்புமுன் மாரில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார்கள். இதை எழுதும்போது என் பேனாவே தயங்குகிறது. ஆனால் பெற்றவள் தயங்க முடியவில்லை. மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது போய் நின்றாள். மூன்றாவதாகச் செல்வராணி, புழுதி பறந்த ஒரு பிப்ரவரியில் பிறந்தாள். காய்ந்த தரையில் விழுந்ததால்தான் அது பிழைத்தது என்பது கருப்பாயியின் முடிவு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொசு, காய்ச்சல் என்று எவ்வளவோ விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டாள். மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தச் செல்வராணியைக் காஹாங் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக் கொடுத்தார்கள். 1934ஆம் வருஷம் அவள் முழுகாமல் இருந்தாள். தலைப் பிரசவம் தாய்வீட்டில்தான். நாளோ நவம்பர் கடைசியில் விழுந்தது. நவம்பரில் ஏழாம் நம்பர் அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷந்தான் தோட்டத்துக்குப் புது லயம் வந்தது. செங்கல் தூண், சிமெண்டுத் தரை, தனித்தனிச் சமையலறை. ஆகஸ்டிலேயே சுவர் எழும்பிவிட்டது. கூரைதான் இல்லை. புதுத் தகரம் வாங்குவதா, பழைய லயத்துத் தகரத்தையே ஓட்டை அடைத்துத் தார் பூசிப் போட்டால் போதாதா என்று கம்பெனி யோசித்து, போதும் என்று தீர்மானித்திருந்தது. ஆக, பழையது இடிந்தால்தான் புதியதுக்குக் கூரை. கருப்பாயி மாலைதோறும் போய் அந்தச் சிமெண்டுத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவாள். கோயில் படியைத் தொடுகிற பக்தி அதில் இருந்தது.

இந்த நேரத்தில் லண்டனிலிருந்து இடி விழுந்தது. கம்பெனி இயக்குநர் ஒருவருக்கு ஒரு மாமா. அவர் வாலிபத்தில் வேறொரு தோட்டத்தில் துரையாக இருந்தபோது குடியிருந்த பங்களாவை, கரையான் அரித்துவிட்டதென்று இடித்துவிட்டார்கள். மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அதன்மேல் உத்தரவு பிறந்தது: கம்பெனி நிலத்தில் இருபத்தைந்து வயது தாண்டிய எந்தக் கட்டடத்தையும், அதற்குச் சரித்திரப் பெருமை உண்டா என்று ஒரு குழு பார்த்துச் சொல்லாமல் இடிக்கக் கூடாது. பழைய லயத்துக்கு இருபத்தாறு வயது. ஒரு வருஷம் முந்தி இடித்திருந்தால் அது வெறும் லயம்.

குழுவில் மூன்று பேர். தோட்டத்து மேனேஜரான பெரிய துரை தலைவர். அவருக்கு இதில் அக்கறை இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத் தலைவரான பெரிய கிராணி அம்பிகைபாகன் காரியதரிசி. மூன்றாமவர் பெல்ஹாம் துரை. சிங்கப்பூரிலிருந்து வந்தவர், பழைய பொருள்களில் கரை கண்டவர் என்று பெயர். அவர் முதலில் குதிரை லாயத்தைப் பார்த்தார். யாரோ ஒரு பிரபுவின் குதிரை அங்கே ஒரு முறை புல் தின்றதாகத் தெரியவந்ததும் அதை இடிக்கக் கூடாது என்று எழுதினார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு லயத்துக்கு வந்தார். நீளவாட்டில் நடந்தார். பதினான்கு குடும்பத்தின் கந்தலையும் புகையையும் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை. கருப்பாயிக்கு உயிர் வந்தது. கோடிச் சுவரில் திரும்பியவர் அங்கே நின்றுவிட்டார்.

அங்கே முனி இருந்தது.

மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, மேலே ஒரு துண்டுச் சிவப்புத் துணி சாத்திய ஒற்றைக் கல். சுற்றிலும் எலுமிச்சம்பழம், சூடம் எரிந்த கரி, வேண்டுதல் நூல்கள். இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று பெல்ஹாம் கேட்கச் சொன்னார். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிறது என்று கூட்டம் ஒரே குரலில் சொல்லிற்று. அந்தப் பாட்டன்மார்களில் ஒருவர்கூடக் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதை யாரும் நினைக்கவில்லை. கிராணி அதைப் பல தலைமுறை என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெல்ஹாம் முந்நூறு வருஷம் என்று குறித்துக்கொண்டார். மஞ்சளுக்கடியில் ஏதோ எழுத்து மேடு தட்டுவதாகச் சொல்லி மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தும் எடுத்தார். புராதன வழிபாட்டிடம், ஆகையால் லயத்தின் ஒரு பலகையையும் அசைக்கலாகாது என்று தீர்ப்பாயிற்று.

கூட்டத்தில் இரண்டு பேர் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒருத்தி கருப்பாயி. மற்றவன் ஐயாசாமி. அந்த முனியின் ஜாதகம் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவர்கள் எல்லாரும் அந்தக் கோடிச் சுவரில்தான் ஒதுங்குவார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் கருப்பாயியின் அடுப்பு. சொல்லிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், சாணி கரைத்து ஊற்றியும் பார்த்தாள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அடுப்புக் கல்லில் ஒன்றை எடுத்து மஞ்சளைப் பூசிச் சுவரோரம் நட்டாள். அன்றைக்கே நாற்றம் நின்றது. அடுத்த மாதம் யாரோ சூடம் கொளுத்தினார்கள். அதற்கடுத்த மாதம் ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. வருஷக் கடைசியில் கிடா வெட்டினார்கள். கருப்பாயியும் கறி வாங்கித் தின்றாள். நானாக வைத்த கல் என்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை பேருடைய கண்ணீரைக் குடித்த கல்லை அடுப்புக் கல் என்று எப்படிச் சொல்வது? அதையும்விட, சொன்னால் மறுநாளே சுவரோரம் ஒதுங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

குழு போனதும் ஐயாசாமி மட்டும் சொன்னான்: "ஒன்னுக்குப் போறவன வெரட்ட சாமி வச்ச. இப்ப அது ஒன்னையே வெளிய போகவுடாம புடிச்சிக்கிச்சு. சக்தியுள்ள சாமிதான்டி."

கருப்பாயிக்குச் சிரிப்பு வரவில்லை. காஹாங்கிலிருந்து செல்வராணி நவம்பர் பத்தாம் தேதி வருகிறாள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். மறுநாள் வெட்டிய ரப்பர் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, வாளியைக்கூடக் கழுவாமல் ஆபீசுக்கு நடந்தாள். சன்னலோரம் நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கொலை செய்தவர்கள்கூட அவ்வளவு தேம்பியிருக்க மாட்டார்கள்.

அம்பிகைபாகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கென்ன விசரே, கருப்பாயி? நான் ரிப்போட் ரைப் அடிச்சு நாலு கொப்பி எடுத்துப் போட்டன். ஒண்டு லண்டனுக்கும் போயிட்டுது. முந்நூறு வரியம் எண்டு துரை கையெழுத்து வைச்சிருக்கிறார். இப்ப வந்து உன்ர அடுப்புக் கல்லு எண்டிறாய்."

"சத்தியமா என் அடுப்புக் கல்லுதாங்கையா. மூனு கல்லுல ஒன்ன எடுத்துட்டு, வேற கல்லுதான் வச்சி சமைக்கிறேன். வந்து பாருங்க."

கிராணி சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் இரண்டாம் கிராணியா இருக்கேக்க அந்த முனிக்குத்தான் நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தனான். ஆறு மாசத்தில பெரிய கிராணி ஆனன். அது அடுப்புக் கல்லெண்டால் என்னைப் பெரிய கிராணி ஆக்கினது ஆர்?"

  கருப்பாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். பாதி வழியில் நின்றாள். தான் வைத்ததைச் சாமி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது, சரி. இருக்கிற சாமி இடம் மாறக் கூடாது என்று எந்த உத்தரவில் இருக்கிறது?

மறுபடி ஆபீஸ் சன்னலுக்கு வந்தாள். முனி தன் கனவில் வந்து ஒழுகுகிற இடத்தில் இருக்க மாட்டேன், புது இடம் கொடு என்று கேட்டதாகச் சொன்னாள். கிராணியின் முகம் தெளிந்தது. ரிப்போட்டைத் திருத்த வேண்டாம், கூட ஒரு பக்கம் சேர்த்தால் போதும் அல்லவா? ஆனால் சாமியின் சம்மதத்தைக் குழு நேரில் விசாரிக்க வேண்டும் என்றார். பூக்கட்டிப் பார்க்கலாம் என்றாள் கருப்பாயி. சிவப்புப் பூ வந்தால் சாமி புறப்படும். வெள்ளை வந்தால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பெல்ஹாம் துரை இதைக் கேள்விப்பட்டதும் சிங்கப்பூரிலிருந்து அடுத்த ரயிலில் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் காலை, லயம் முழுவதும் கூடிய கூட்டத்தில் கருப்பாயி குளித்து ஈரத் தலையோடு நின்றாள். வெற்றிலையில் சுருட்டி வாழைநாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள் கல்லின் முன்னால் இருந்தன. யார் எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, கள்ளமில்லாத கை வேண்டும், துரையே எடுக்கட்டும் என்று அவள் சொன்னாள். கிராணி மொழிபெயர்த்தார். பெல்ஹாம் நெகிழ்ந்து போனார்.

அவர் குனிந்தார். இடது பக்கத்துப் பொட்டலத்தைத் தொட்டார், விட்டார், வலது பக்கத்தை எடுத்தார். நாரை அவிழ்த்தார். செம்பருத்தி, இரத்தம் போல.

பெண்கள் குலவையிட்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் படித்தவர்களின் ஆசைக்கு எல்லை ஏது? மற்றதையும் பார்க்க வேண்டும் என்று பெல்ஹாம் கையை நீட்டினார். ஐயாசாமியின் முகம் சாம்பலாயிற்று, ஏனென்றால் விடியற்காலையில் இரண்டு செம்பருத்தியும் பறித்து வந்தவன் அவன்தான்.

கருப்பாயி குனிந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். நார், பூ, வெற்றிலை எல்லாவற்றையும் சேர்த்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"என்ன செய்யிறாய்?" என்றார் கிராணி.

"மத்தத வச்சவதாங்க சாப்பிடணும்." வாய் நிறைந்திருந்ததால் நிதானமாகத்தான் சொல்ல முடிந்தது. "அதான் மொறை."

அம்பிகைபாகன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்த வெளிச்சம் ஒரு கணம் வந்து போயிற்று. தன் நூற்றெட்டுத் தேங்காயை நினைத்தாரோ, லண்டனுக்குப் போன கொப்பியை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. துரையின் பக்கம் திரும்பி, இரண்டாவது பொட்டலத்தைப் பரம்பரைப் பூசாரிணி உண்டுவிடுவது புராதன வழக்கம் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். பெல்ஹாம் அதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினார்.

பிறகு ஒரு காகிதம் நீட்டப்பட்டது. முனி முந்நூறு வருஷமாக இவ்விடம் எழுந்தருளியிருப்பதாகவும், தன் முன்னோர் தொன்றுதொட்டுப் பூசை செய்து வருவதாகவும், சாமி மனப்பூர்வமாக இடம் மாறுவதாகவும் அதில் இருந்தது. கிராணி படித்துக் காட்டினார். நாமக்கல் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் களை பறித்தே மாண்ட முன்னோர்களை ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டு, கருப்பாயி கைநாட்டு வைத்தாள்.

கல்லைத் தூக்குகிற வேளையில் அவள் அதன் பக்கம் குனிந்தாள். வேறு யாருக்கும் கேட்காமல் அவள் முணுமுணுத்ததை, பக்கத்தில் நின்ற ஐயாசாமி பின்னால் என்னிடம் சொன்னான். "நீ கல்லா சாமியான்னு எனக்குத் தெரியாது. புள்ளைக்காகத்தான் பண்றேன். கோச்சிக்காத."

புதன்கிழமை தகரம் இறங்கியது. பத்து நாள் எல்லாரும் ஸ்டோர் கொட்டகையில் படுத்தார்கள். மறுவாரச் சனிக்கிழமை புது லயத்துக்குக் கூரை ஏறியது. ஓட்டைகளை அடைத்த தார் காயுமுன்பே செல்வராணி ரயிலிலிருந்து இறங்கினாள். முனி புது லயத்தின் கோடியில் கம்பிவேலிக்குள், ஆங்கிலத்தில் எழுதிய பலகையோடு அமர்ந்தது. கருப்பாயியைப் பூசாரிணி என்று கம்பெனியே எழுதிவிட்டதால், வெள்ளிதோறும் வேண்டுதலோடு வருகிறவர்களுக்கு விபூதி கொடுக்கும் வேலையும் அவள் தலையில் விழுந்தது. இடிந்த பழைய லயத்துக்குப் பக்கத்தில் குதிரை லாயம் மட்டும், குதிரை இல்லாமல், சரித்திரப் பெருமையோடு நின்றது.

நவம்பர் இருபத்தாறாம் தேதி, மத்தியானம் மழை பிடித்தபோது செல்வராணிக்கு வலி கண்டது. மருத்துவச்சி ராசம்மா வந்தாள். மழையின் இரைச்சலில் அலறல்கூட வெளியே கேட்கவில்லை. நான்கு மணிக்குக் குழந்தை பிறந்தது. ராசம்மா அதைக் கழுவுவதிலும் தாயைப் பார்ப்பதிலும் இருந்தாள். தாழ்வாரத்தில் நின்ற ஐயாசாமி கதவில் வாயை வைத்து, என்ன பிள்ளை என்று கேட்டான். பதில் இல்லை. மறுபடி கேட்டான். மூன்றாம் முறை, "ஏ கருப்பாயி, சொல்லித்தான் தொலையேன்" என்று கதவைத் தட்டினான்.

உள்ளே கருப்பாயி சிமெண்டுத் தரையில் கால் நீட்டி, சுவரில் தலை சாய்ந்து, கொட்டுகிற மழையில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.