ஒழுகும் குழாயின் அடியில்

தருவைகுளம் சாலையில் நான் பேருந்துக்கு நிற்கும் டீக்கடைக்கு, உப்பளத்து வேலை முடிந்து ஓர் அம்மாளும் வருவார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. உப்புத் தண்ணீர் அரித்து, கால் விரலிடுக்கெல்லாம் புண்.

டீ குடிக்க மாட்டார். நல்ல தண்ணீர் லாரிக்காகக் காத்திருப்பார். டிரைவர் டீக்கு இறங்கியதும், லாரியின் பின்னால் தரையில் உட்கார்ந்து, ஒழுகும் குழாய்க்கு அடியில் கால்களை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். டிரைவர் டீயைக் குடித்து முடிக்கும்வரைதான் அந்தச் சுகம்.

ஒருநாள் சொட்டு விழவில்லை.

"ஓனர் வால்வ மாத்தி, பூட்டும் போட்டுட்டாருக்கா," என்றார் டிரைவர்.

"எதுக்குய்யா? நான் என்ன, கொடத்தையா தூக்கிட்டு வந்தேன்?" என்றார் அந்த அம்மாள். "வீட்டுக்குப் போனா ஒல வைக்கணும், துணி தொவைக்கணும், படுத்துக் கெடக்க மாமியாளத் தூக்கி உக்கார வைக்கணும். நான் உக்காருதது இங்கன மட்டும்தாம்யா!"

டிரைவர் வண்டியில் ஏறினார். நான் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

"கால்ல ஊத்திக்கிடுங்கம்மா."

அவர் மிரண்டுபோய்ப் பார்த்தார். "குடிக்கித தண்ணியவா கால்ல ஊத்தச் சொல்லுதிய?"

லாரி கிளம்பிப் போனது. என் பேருந்தும் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். லாரி நின்றிருந்த காய்ந்த தரையில் அவர் இன்னும் கால்களை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.